லயத்து வாசலும் அரசின் மூன்று கிளைகளும்

(இறம்பொடையில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயதுப் பிள்ளைகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்த விண்ணப்பத்தில், இவர் இன்னார்தான் என்று உறுதிப்படுத்தி ஒருவர் கையொப்பமிட வேண்டும். கிராமத்தில் அதைக் கிராம உத்தியோகத்தர் செய்கிறார். பாடசாலையில் அதிபர் செய்கிறார். தோட்டமாக இருந்தால் தோட்ட அத்தியட்சகரும் செய்யலாம் என்பது ஆட்பதிவுத் திணைக்களத்தின் ஏற்பாடு. முதல் இருவரும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள். மூன்றாமவர், நாம் துரை என்று சொல்கிறவர், ஒரு கம்பனியின் உத்தியோகத்தர். நீங்கள் இந்த நாட்டின் பிரசை என்று காட்டப்போகும் அட்டைக்கான படிவத்தில் கம்பனியின் முத்திரை விழுகிறது. நமக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் தோட்டம் எவ்வளவு காலமாக நிற்கிறது என்பதை அந்த முத்திரை காட்டுகிறது. அரசின் கிளைகள் என்னென்ன, அவை தோட்டத்துத் தொடர் வீடுகளான லயங்களின் வாசலுக்கு வரும் வழியில் எங்கெங்கே நின்றுபோயின என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இன்று நடைமுறையில் இருக்கிறது. இறைமை மக்களுக்கு உரியது என்கிறது அதன் 3ஆம் உறுப்புரை. அந்த இறைமையை யார் யார் பிரயோகிப்பது என்பதை 4ஆம் உறுப்புரை சொல்கிறது. சட்டம் இயற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு. அதில் 225 பேர். 196 பேரை 22 தேர்தல் மாவட்டங்களில் நாம் தெரிவு செய்கிறோம், 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறார்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள். நிறைவேற்று அதிகாரம், நேரடியாக மக்கள் வாக்கில் தெரிவாகும் ஜனாதிபதிக்கு. அமைச்சரவைக்கும் அவரே தலைவர், முப்படைகளுக்கும் அவரே தளபதி. இந்தியாவின் குடியரசுத் தலைவரோடு இவரை ஒப்பிட வேண்டாம்; அங்கே ஆட்சியை நடத்துபவர் பிரதமர். நீதி அதிகாரத்தைப் பொறுத்தவரை நம் அரசியலமைப்பு ஒரு விசேடமான பேச்சுப் பேசுகிறது: மக்களின் நீதி அதிகாரத்தை நீதிமன்றங்களின் ஊடாகப் பாராளுமன்றமே பிரயோகிக்கிறது என்கிறது. நீதவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், எல்லாவற்றுக்கும் மேலே உயர் நீதிமன்றம் என்று ஏறிச் செல்லும் படிகள் நீங்கள் அறிந்தவைதான்.

அதிகாரத்தை மூன்றாகப் பிரிப்பதன் நோக்கம் ஒன்றே ஒன்று. ஒரு கிளை தவறு செய்தால் இன்னொரு கிளை தடுக்க வேண்டும். மலையகத் தமிழராகிய நம் வரலாற்றில் ஒரு தடவை மூன்று கிளைகளும் சேர்ந்து நம்மைக் கைவிட்டன. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிள்ளைகளுக்கு அதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

1947 பொதுத் தேர்தலில் நம் முன்னோர் வாக்களித்தார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் என்று இலங்கை இந்தியன் காங்கிரஸின் வேட்பாளர்கள் வென்று பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே, சுதந்திரம் கிடைத்து ஓர் ஆண்டு நிறைவதற்குள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது; அதே ஆண்டில் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. பிரசையாக இல்லாதவருக்கு வாக்கில்லை என்றது அந்தத் திருத்தம். நம்மவரில் மிகப் பெரும்பாலானோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். இது சட்டவாக்கக் கிளை செய்தது.

அப்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒரு காப்பு இருந்தது. ஒரு சமூகத்தவருக்கு மட்டும் இடையூறு உண்டாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது, இயற்றினால் அது செல்லாது என்பது அதன் சாரம். அந்தக் காப்பை நம்பி நீதிமன்றம் போனவர் கோடகன் பிள்ளை. ருவன்வெல்ல தொகுதியின் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி அவர் கேட்டார். பதிவு அதிகாரி முதன்நாயக்க மறுத்தார். இது நிறைவேற்றுக் கிளை செய்தது. இடாப்பைத் திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் 1951இல் கோடகன் பிள்ளையின் பக்கம் தீர்ப்பளித்தார். அந்தச் சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்றார். ஒரு கீழ்நிலை அதிகாரி அன்று அப்படி எழுதியதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது. வழக்கு இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் வரை போனது. தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான அதிகாரம்தான் என்று சொல்லி, 1953இல் அதுவும் மனுவைத் தள்ளிவிட்டது. இது நீதிக் கிளை செய்தது.

இதற்குள் 1952 தேர்தல் நடந்து முடிந்திருந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் மலையகத்துக்கு இருந்த பிரதிநிதித்துவம் அந்தத் தேர்தலில் முற்றாகப் போயிற்று. இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த நாளில் தொகுதிகள் சனத்தொகையை வைத்து வகுக்கப்பட்டவை. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பது அடிப்படை. அந்தக் கணக்கில் தோட்டத்துச் சனமும் சேர்ந்தே இருந்தது. ஆசனத்தை உண்டாக்க நம் தலைகள் எண்ணப்பட்டன. அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்று சொல்ல நமக்கு வாக்கு இல்லை.

வாக்கு இல்லாத ஒருவனுக்காக ஓர் அமைச்சர் ஏன் இரவில் விழித்திருக்க வேண்டும்? 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். நம் பாட்டன் பாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை என்பதுதான் அதன் காரணம். 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியிலிருந்து தொண்டமான் மறுபடி பாராளுமன்றம் போன பிறகு நிலைமை மெல்ல மாறியது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரசாவுரிமை கிடைத்தது. 1948இல் மூடிய கதவை முழுதாகத் திறக்க 55 ஆண்டுகள் ஆயின.

சட்டப் படிப்பு படிக்க நினைக்கும் பிள்ளைகள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடகன் பிள்ளைக்குத் தோற்கவாவது ஒரு வழக்கு இருந்தது. இன்றைய அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரைப்படி, ஒரு சட்டமூலம் சபாநாயகரின் சான்று பெற்றுச் சட்டமாகிவிட்டால், அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பின் வரும் குறுகிய நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், தவறினால் அவ்வளவுதான். இந்திய உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகளுக்கு முந்திய சட்டத்தையும் எடுத்துப் பார்த்து இரத்துச் செய்யலாம். நம் நாட்டு ஏற்பாடு மக்களுக்குப் பாதகமானது என்பது என் உறுதியான எண்ணம். வர்த்தமானியில் வரும் சட்டமூலங்களைத் தமிழில் படித்து உடனுக்குடன் எடுத்துச் சொல்லும் சட்டத்தரணிகள் மலையகத்துக்கு அதனால்தான் நிறைய வேண்டும்.

இனி நிறைவேற்றுக் கிளை கொழும்பிலிருந்து இறம்பொடைக்கு எப்படி இறங்கி வருகிறது என்று பார்ப்போம். அமைச்சு, திணைக்களம், அதன் கீழ் 25 மாவட்டச் செயலகங்கள். நம் பெரியவர்கள் இன்னும் கச்சேரி என்று சொல்லும் நுவரெலியா மாவட்டச் செயலகம் அதில் ஒன்று. அதன் கீழ் கொத்மலைப் பிரதேச செயலகம். எல்லாவற்றுக்கும் அடியில் கிராம உத்தியோகத்தர் பிரிவு. நாடு முழுவதும் 14,000க்கும் மேல். பிறப்புப் பதிவு, காணி, நிவாரணம், முதியோர் கொடுப்பனவு, வாக்காளர் இடாப்பு எல்லாம் இந்த வழியில்தான் வருகின்றன.

இங்கே நமக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் தலா இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். தெற்கில் எத்தனையோ பிரிவுகள் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் மக்களோடு இயங்குகின்றன. ஒரே கருமபீடம், நான்கு மடங்கு சனம். அங்கே வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு அன்றைய நாட்சம்பளம் போகிறது; வேலை முடியாமல் திரும்பினால் மறுநாள் சம்பளமும் போகிறது. மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகங்களைப் பத்தாக்க 2019இல் தீர்மானம் எடுத்தார்கள். புதிதாகச் சொல்லப்பட்ட ஐந்தில் கொத்மலை மேற்கும் ஒன்று. தீர்மானம் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. உத்தியோகத்தர் நியமனம், கட்டடம், எல்லா வகைச் சேவைகளும் தமிழில் கிடைப்பது ஆகியவை சேர்ந்தால்தான் அது செயலகம்.

தமிழ் என்று சொன்னதும் நினைவுபடுத்துகிறேன். கொத்மலை உட்பட இந்த மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டு வர்த்தமானியால் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதற்கு ஆதாரம். சிங்களத்தில் மட்டும் எழுதிய கடிதத்தைக் கையில் கொடுத்தால், தமிழில் தாருங்கள் என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். சலுகை கேட்பதாக நினைத்துத் தயங்க வேண்டாம்.

அடுத்தது உள்ளூராட்சி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்த பிறகு நாமும் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பத் தொடங்கினோம். ஆனால் தோட்டம் கம்பனி நிருவாகத்தில் இருக்கும் இடம் என்று சொல்லி, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க 33ஆம் பிரிவு முட்டுக்கட்டையாக நின்றது. பிரதான வீதியில் சபை மின்விளக்கு போடும். அதிலிருந்து பிரிந்து லயத்துக்கு ஏறும் பாதையில் போட முடியாது. தண்ணீர்க் குழாயும் அப்படியே, கழிவுக் கானும் அப்படியே. நம் வாக்கால் உறுப்பினரான நம் பிள்ளையே, சட்டம் இடம் தராது அண்ணே என்று நம்மிடம் கைவிரிக்க வேண்டியிருந்தது. இந்த நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2018இல் பாராளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்திய பிறகே தோட்டத்துக்குள் சபை வேலை செய்யச் சட்ட வழி பிறந்தது. அதே 2018 தேர்தலோடு இந்த மாவட்டத்தின் உள்ளூராட்சி மன்றங்களும் 8இலிருந்து 12 ஆயின. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் அப்படி வந்தவை. எனவே இன்று கொத்மலைப் பிரதேச சபை உறுப்பினர் எவராவது தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டம் விடவில்லை என்று சொன்னால், அது பழைய கதை என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பிரதேச சபைக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையில் மாகாண சபை இருக்க வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் தந்த ஏற்பாடு அது. மத்திய மாகாண சபைக்கு 58 உறுப்பினர்கள். கடைசியாக 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018இல் சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. உள்ளூராட்சி, பாடசாலைகள், மாகாண வீதிகள் ஆகியவை மாகாணத்துக்கு உரிய விடயங்கள். இவற்றை மக்கள் தெரிவு செய்த சபை பார்க்க வேண்டும். ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் பார்க்கிறார். எந்த ஆளுநர் நல்லவர், எவர் வல்லவர் என்பது என் கேள்வி அல்ல. நம் பிள்ளைகளின் பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை என்றால் அடுத்த தேர்தலில் யாரைத் தண்டிப்பது? அதற்கு வழியில்லாமல் ஒரு முழுத் தளமே மூடிக் கிடக்கிறது. மாகாண சபைத் தேர்தலை வடக்கு, கிழக்கின் கோரிக்கை என்று மட்டும் நினைத்து மலையகம் வாளாவிருப்பது தவறு.

கிளைகள் ஒன்றையொன்று தடுத்த சம்பவமும் அண்மையில் நடந்தது. உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் பாராளுமன்றம் பணம் ஒதுக்கியிருந்தது. திறைசேரி பணத்தை விடுவிக்கவில்லை. ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அப்படியும் தேர்தல் நடக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 22இல் தீர்ப்பு வந்தது. அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, நிதி அமைச்சர் என்ற முறையில் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார் என்று நீதிமன்றம் சொன்னது. 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. இரண்டு ஆண்டுகள் தாமதம்தான். ஆனாலும் பதவியில் இருக்கும் ஜனாதிபதியின் செயலை எதிர்த்துச் சாதாரணப் பிரசைகள் மனுப் போட்டு வென்றார்கள் என்பதை மறக்காதீர்கள்.

நாட்சம்பளத்திலும் இதே கிளைகள்தான் மோதுகின்றன. தேயிலைத் தொழிலுக்கான சம்பள நிர்ணய சபை 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் பிறந்தது. முதலாளி தரப்பு, தொழிலாளர் தரப்பு, அரசு நியமிக்கும் தரப்பு என்று மூன்றும் அதில் இருக்கும். 2024 மே தினத்தையொட்டி 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபையின் ஊடாக அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. மேடையில் நின்று ஓர் அமைச்சர் அறிவிப்பதால் சம்பளம் கூடுவதில்லை. சட்டம் சொன்ன நடைமுறை ஒவ்வொன்றையும் கடந்து, நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய வர்த்தமானியாக வந்தால்தான் அது நம் சம்பளப் பற்றுச்சீட்டில் ஏறும். அந்த நடைமுறை எல்லாம் முடிந்ததா என்பதுதான் தொழிற்சங்கத் தலைவர்களிடம் மே தினத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியாகக் காணி. தோட்டக் காணிகள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையானவை. 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்குப் போனது. பிறகு அது 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. நிலத்துக்குச் சொந்தக்காரர் அரசு, குத்தகைக்காரர் கம்பனி, குடியிருப்பவர் நாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலைகள் சரிந்ததை இந்தக் கொத்மலைப் பகுதி கண்ணால் கண்டது. மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கிறது. இடம்பெயரச் சொல்கிறது பிரதேச செயலகம். போகிறோம். பாடசாலை மண்டபத்தில் பாய் விரிக்கிறோம். அதன் பிறகு? பாதுகாப்பான 7 பேர்ச் காணிக்குக் கம்பனி நிலத்தை விடுவிக்க வேண்டும், ஆராய்ச்சி நிறுவனம் இடத்தைப் பார்த்துச் சான்று தர வேண்டும், அமைச்சு அங்கீகரிக்க வேண்டும், பிறகு வீடு, பிறகு உறுதி. ஒரு கடிதம் எந்த மேசையில் தூங்கினாலும் குடும்பம் மீண்டும் அந்த வெடிப்பு விழுந்த லயத்துக்கே திரும்புகிறது. அபாயப் பிரதேசம் என்று அரசே எழுதிக் கொடுத்த இடத்தில் மக்களைத் திரும்பக் குடியிருக்க விடுவது நிறைவேற்றுக் கிளையின் மன்னிக்க முடியாத தவறு. அந்தக் காணியின் சொந்தக்காரர் அரசு என்பதால் கம்பனியைக் காட்டி அது தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

உங்களிடம் சில வேண்டுகோள்கள் இருக்கின்றன. வாக்காளர் இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுகிறது. பதினெட்டு வயதான பிள்ளையின் பெயரும், கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளையின் பெயரும் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் நேரில் பாருங்கள். பிரதேச சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. படித்த இளைஞர்கள் போய் இடம் கேளுங்கள். உங்கள் வீட்டுக் கோரிக்கை எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியவில்லையா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழில் எழுதிக் கேளுங்கள்; 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரச அதிகாரி ஒருவர் உங்கள் அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அந்த முறைப்பாட்டுக்குச் சட்டத்தரணி தேவையில்லை. தமிழில், கையால் எழுதிய ஒரு கடிதம் போதும். மீறல் நடந்த திகதியை மட்டும் அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.